சுங்கை சிப்புட் தோட்டங்களுக்குப் பொதுத் தொலைபேசி: இன்னும் கேட்கலாமா, கேட்டால் எதைக் கேட்பது?

#1 சாலாக்கரை

சங்கத்துல இருந்து ஒரு மனு போடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னால விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னுதான் இந்த இழை.

மலேசியா பேராக் மாநிலத்துல நம்ம சுங்கை சிப்புட் டவுன்ல இருந்து உள்ளே தள்ளி இருக்கிற தோட்டங்கள்ல சில டிவிஷன்ல (தோட்டத்தோட உட்பிரிவு) இன்னும் லைன் ஒழுங்கா இல்லை. ஆபீஸ் கேட்கிட்ட நின்னா ரெண்டு கோடு காட்டும். தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடு, அதான் லயம், அதுக்குள்ள வந்தா அதுவும் போயிடும். மழை அடிச்சுக் கரண்டு போச்சுன்னா கொஞ்ச நேரத்துல டவரும் படுத்துக்கும். லயத்துல இப்ப இருக்கிறதுல பாதி பேர் வேலையை விட்டு நின்ன வயசானவங்க. பிள்ளைங்க ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயாச்சு. சமீபத்துல ராத்திரி ஒரு தாத்தாவுக்கு நெஞ்சுவலி. பேரன் மோட்டாரை எடுத்துக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் வந்துதான் அவசர உதவிக்கு 999 அடிச்சான். தாத்தா பிழைச்சுட்டார், இப்பவும் காலையில கோழிக்குத் தீனி போடுறார். ஆனா அடுத்த தடவை என்ன ஆகும்?

முன்னால முச்சந்தியில ஒரு காசு போன் இருந்துச்சு. இப்ப கூண்டு மட்டும் நிக்குது, உள்ளே டியூஷன் விளம்பரமும் வட்டிக்கடை நம்பரும் ஒட்டியிருக்கு. டிவிஷனுக்கு ஒரு பொதுப் போன் கேட்போம்னு ஒரு கூட்டம் சொல்லுது. இந்தக் காலத்துல பொதுப் போன் கேட்டா அதிகாரிங்க சிரிப்பாங்கன்னு இன்னொரு கூட்டம். நீங்க என்ன சொல்றீங்க?

#2 டவர் பையன்

சிரிப்பாங்க அண்ணே. நேரா 4ஜி டவர் கேளுங்க. காசு போனுக்கு ஸ்பேர் பார்ட்ஸே கிடைக்காது.

#3 பழைய லைன்மேன்

தம்பி, டவர் கேட்கிறது சரி. ஆனா காசு போன் ஏன் செத்துச்சுன்னு தெரியாம டவர் கேட்டா, அதுக்கும் அதே கதிதான்.

நான் செம்புக் கம்பி காலத்து ஆள். டெலிபோன் தோட்டத்துக்கு வந்து ரொம்ப காலமாச்சு, யாரும் வரலைன்னு சொல்ல முடியாது. தொரை (தோட்ட மேனேஜர்) பங்களாவுக்கு வந்துச்சு, ஆபீஸுக்கு வந்துச்சு, சில இடத்துல தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்துச்சு. 1948ல ஆரம்பிச்ச அவசரகாலத்துல, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த கம்யூனிஸ்டுங்க முதல்ல வெட்டினது அந்தக் கம்பியைத்தான். 1948 ஜூன் 16ல எல்பில் தோட்டத்துல வெள்ளைக்காரத் தொரையைச் சுட்டுக் கொன்னதை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுக்கப்புறம் தோட்டத்துக்குக் கம்பி இழுத்ததெல்லாம் பாதுகாப்புக்காக, நிர்வாகத்துக்காக. ஆபீஸ்ல இருந்து லயம் கூப்பிடு தூரம்தான். அந்தக் கடைசித் துண்டுக் கம்பியை மட்டும் யாரும் இழுக்கலை.

காசு போன் வந்தப்போ அது நின்ன இடம் எல்லாம் டவுன், பஸ் நிறுத்தம், போஸ்டாபீஸ் வாசல், முச்சந்தி. அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, முச்சந்தி ரோடு அரசாங்க நிலம், கேட்டுக்கு உள்ளே போனா தோட்டத்து நிலம். இன்னொண்ணு தூரம். 0.5 மில்லிமீட்டர் கம்பியில எக்ஸ்சேஞ்சை விட்டு அஞ்சாறு கிலோமீட்டர் தாண்டினா குரல் மெலிஞ்சிடும். அதைச் சரி பண்ண வழி இருக்கு, ஏறக்குறைய 1.8 கிலோமீட்டருக்கு ஒரு லோடிங் காயில் போடணும். போடுவோம். அடுத்த மாசம் இடி இறங்கும். பேராக்குல இடிக்குப் பஞ்சமா? கம்பி வழியா வந்து கருவியைக் கருக்கிட்டுப் போகும். திரும்ப மாத்துவோம். அப்புறம் செம்பு விலை ஏறினப்போ கம்பியையே அறுத்துக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது என்னன்னா, பெட்டிக்கு ஆள் இல்லை. உள்ளூர் காலுக்குப் பத்துக் காசு. பெட்டி நிறைஞ்சா மேல காசு வாங்காது. காசை அள்ள வேன் வரணும். வேனுக்கு எண்ணெய், டிரைவர், அள்ளுற ஆளுக்குச் சம்பளம். உள்ளே கிடைக்கிறது ஒரு தகர டப்பா சில்லறை. எந்தக் கணக்குப் பிள்ளை அந்தக் கூண்டை வச்சிருப்பான்?

அதனால காசு போன் திரும்ப வேணும்னு எழுதாதீங்க. எது நின்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் வேலை செய்யும்னு முதல்ல யோசிங்க.

#4 ஈப்போ ரோடு

எல்லாம் சரிங்க ஐயா, ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க. இந்த நாட்டுல டெலிபோன் இலாகாவை வச்சிருந்த அமைச்சர்கள்ல ரெண்டு பேர் நம்ம சுங்கை சிப்புட் தொகுதிக்காரங்க! துன் சம்பந்தன் 1959க்கு அப்புறம் பல வருஷம் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர். சாமிவேலு 1989ல இருந்து 1995 வரைக்கும் எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சர். அப்படி இருந்தும் நம்ம தோட்டத்து லயத்துல போன் மணி அடிக்கலை. இதை எங்க போய்ச் சொல்றது?

#5 கல்லுமலை

ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

#6 பழைய லைன்மேன்

ஈப்போ ரோடு தம்பிக்கு ஒரு நியாயமான பதில் சொல்லணும். சம்பந்தன் காலத்துல நாடு முழுக்க எக்ஸ்சேஞ்சே பத்தாம இருந்துச்சு, டவுன்ல கடைக்காரனே லைனுக்கு மனுப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருப்பான். அவர் தோட்டத்து ஆளுக்குச் செய்ய நினைச்சது நிலம். 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பத்துப் பத்து வெள்ளியா சேர்த்துத் தோட்டம் வாங்கின கதை எல்லாருக்கும் தெரியும். நிலமே தொழிலாளி பேருக்கு வந்தா, கம்பி இழுக்க யார்கிட்ட அனுமதி கேட்கணும்ங்கிற கேள்வியே இல்லை. இதை இப்ப யோசிச்சுப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு.

சாமிவேலு அந்த அமைச்சரா வந்தப்போ போன் சேவை இலாகா கையில இல்லை. 1987 ஜனவரி 1ல டெலிகாம் இலாகாவோட போன் சேவை கம்பெனியா ஆயிடுச்சு. 1990ல பங்குச் சந்தைக்குப் போயிடுச்சு. லாபம் பார்க்கிற கம்பெனிகிட்ட அமைச்சர் 'அங்க ஒரு கூண்டு வை'ன்னு சொல்லலாம், யார் பணத்துலன்னு அவங்க கேட்பாங்க. அந்தக் கேள்விக்குச் சட்டத்துல பதில் வந்தது 1998க்கு அப்புறம்தான்.

#7 மட்டுறுத்துநர்

அரசியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. யார் எந்த இலாகாவை வைத்திருந்தார் என்பது வரை சரி, அதற்கு மேல் போனால் பதிவை நகர்த்திவிடுவேன். தொடருங்கள்.

#8 கிராணி மகள்

நான் ஆபீஸ் கிராணி (கணக்கு எழுதுற குமாஸ்தா) வீட்டுப் பொண்ணு. லயத்துல வளர்ந்தவங்க சொல்லத் தயங்குற ஒண்ணை நான் சொல்றேன், ஏன்னா நான் அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தவ.

தோட்டத்துல போன் இல்லைன்னு சொல்றது தப்பு. போன் இருந்துச்சு, அப்பா மேஜைக்குப் பக்கத்துல இருந்துச்சு. யாருக்காவது சாவு செய்தி வந்தா ஆபீஸ் பையன் சைக்கிள்ல போய்ச் சொல்லுவான். மகனுக்கு வேலை கிடைச்ச சேதி, மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து சேதி, எல்லாம் அந்த மேஜைக்கு வந்துதான் லயத்துக்குப் போகும். அப்பா நல்ல மனுஷன்தான், யாரையும் வேணாம்னு சொன்னதில்லை. ஆனா பேசுறவங்க நின்னுக்கிட்டே பேசணும். பெரிய கிராணி பக்கத்துல பேரேடு எழுதிக்கிட்டு இருப்பார். ஒரு பொண்ணு தன் அம்மாகிட்ட 'இங்க அடிக்கிறாங்கம்மா'ன்னு அந்தப் போன்ல சொல்ல முடியுமா? சம்பளப் பிரச்சனைக்குத் தொழிற்சங்க ஆபீஸுக்கு அந்தப் போன்ல இருந்து கூப்பிட முடியுமா? சாயங்காலம் ஆபீஸ் பூட்டினா அதுவும் போச்சு.

முச்சந்தி கூண்டுக்கு ஏன் அவ்வளவு பேர் நடந்து போனாங்கன்னு நினைக்கிறீங்க? ஆபீஸ் போன் கிட்டத்துல இருந்தும் நடந்து போனாங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பேசலாம்ங்கிற ஒரே காரணம். சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில நிக்கிற அக்காமார்களைப் பார்த்திருக்கேன், முந்தானையில சில்லறை முடிச்சு இருக்கும்.

அதனால மனுவுல 'ஆபீஸ்ல ஒரு போன் வைக்கவும்'னு மட்டும் எழுதிடாதீங்க அண்ணே. அவங்க உடனே சரின்னு சொல்லிடுவாங்க. ஏற்கெனவே இருக்கே!

#9 நெல்லைக்காரன்

நான் மலேசியாக்காரன் இல்ல, திருநெல்வேலிப் பக்கம். அங்க பினாங்குல வேலை பார்த்தப்போ இந்தக் களத்துல சேர்ந்தது. கிராணி மகள் சொன்னதுக்கு எங்க ஊர் அனுபவம் கொஞ்சம் பொருந்தும்.

இந்தியாவுல கிராமத்துக்கு டெலிபோன் ரெண்டு வழியில வந்துச்சு. ஒண்ணு அரசாங்கத்தோட கிராமப் பொதுத் தொலைபேசித் திட்டம். 1994 தொலைத்தொடர்புக் கொள்கையில 1997க்குள்ள எல்லாக் கிராமத்துக்கும்னு சொன்னாங்க. முடியல. 1999 கொள்கையில 2002னு தள்ளுனாங்க. அப்புறமும் மிச்சம் இருந்த 66,822 கிராமத்தைப் பாரத் நிர்மாண் திட்டத்துல சேர்த்து 2007னு சொன்னாங்க. பல இடத்துல போன் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுல இருக்கும். அவருக்கு ஆகாத தெருவுக்கு அது இருந்தும் இல்லாத கணக்குதான். ரேடியோ வழியா இணைச்ச கருவிங்க வேற, பாதி நாள் ஊமையா கிடக்கும்.

ரெண்டாவது வழி மஞ்சப் போர்டு, எஸ்.டி.டி. பூத். சாம் பிட்ரோடா காலத்துல, 1984ல சி-டாட்னு அரசாங்கத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 128 லைன் உள்ள சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு செஞ்சாங்க, ஏசி ரூம் வேண்டாம், நம்ம புழுக்கத்துலயும் ஓடும். 1986ல கர்நாடகத்துல கித்தூர்ல முதல்ல வச்சாங்க. அதுக்கு முன்னால வெளியூருக்குப் பேச 'டிரங்க் கால்' புக் பண்ணிட்டு அரை நாள் உக்காந்திருந்த ஊரு, சில வருஷத்துல தெருவுக்குத் தெரு பூத் ஆயிருச்சு. மாற்றுத் திறனாளிகளுக்கு, முன்னாள் ராணுவத்தாருக்கு முன்னுரிமை குடுத்தாங்க. பூத்காரருக்குக் கமிஷன். அதனால அவர் கருவியைக் கண்ணு மாதிரி பாத்துக்குவார், கெட்டுப் போனா அவரே எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சண்டை போடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேல கட்டணம் குறையும்னு கூட்டம் அப்பத்தான் கூடும், அவரும் கடையைத் திறந்து வச்சிருப்பார். அடைப்புக்குள்ள கண்ணாடிக் கதவு, தனியா பேசிக்கலாம்.

அரசாங்கம் எண்ணிக்கைக்காக வச்ச போன் ஊமையாச்சு. ஒருத்தர் சோத்துக்காக வச்ச போன் ஓடிச்சு. லைன்மேன் ஐயா சொன்ன ஆளில்லாப் பெட்டிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

#10 ஈப்போ ரோடு

அந்த பூத் எல்லாம் இப்ப எங்க நெல்லை அண்ணே? செல்போன் வந்ததும் ஜெராக்ஸ் கடை ஆயிடுச்சுல்ல?

#11 நெல்லைக்காரன்

ஆமா, ஆயிருச்சு. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் பிரிண்ட். ஆனா அதே ஆள், அதே கடை. ஊருக்கு ஒரு விஷயம் தெரியாட்டி அவர்கிட்டதான் இன்னும் போறாங்க.

#12 டவர் பையன்

சரி, இப்ப நான் கொஞ்சம் பொறுமையா எழுதுறேன், முதல் பதிவுல அவசரப்பட்டேன்னு லைன்மேன் ஐயா நினைச்சிருப்பார். 😀 இன்னும் டவர் கட்சிதான் நான்.

பணம் எங்கேன்னு ஐயா கேட்டார்ல. 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்துல அனைவருக்கும் சேவை நிதின்னு ஒண்ணு இருக்கு. குறிப்பிட்ட அளவுக்கு மேல வருமானம் உள்ள தொலைத்தொடர்பு உரிமக்காரங்க, அவங்களோட நிகர வருமானத்துல (அதைக் கணக்கிட ஒரு தனி முறை இருக்கு) 6 விழுக்காட்டை அதுல கட்டணும். எம்.சி.எம்.சி., அதாவது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், அதை நிர்வகிக்குது. ஆரம்பத்துல இந்த நிதியில வந்ததே பொதுப் போன், பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் இணையம் மாதிரியான கூட்டு வசதிங்கதான். அப்புறம் டவர், இணைய மையம்னு போச்சு. 2020ல அறிவிச்ச ஜெண்டேலாங்கிற நாடு தழுவிய இணைப்புத் திட்டத்துக்கும் இதுல இருந்து பணம் ஒதுக்கினாங்க. ஆக, யார் பணம்ங்கிறதுக்குப் பதில் இருக்கு. எங்கேங்கிறதுதான் சிக்கல். மக்கள் தொகை உள்ள பகுதியில இத்தனை விழுக்காடுன்னு அறிக்கை வரும். நம்ம டிவிஷன் லயம் அந்த மிச்ச விழுக்காட்டுல இருக்கு, இல்லாட்டி வரைபடத்துல பச்சையா இருந்துக்கிட்டு நிஜத்துல செத்துக் கிடக்கு. வரைபடம் கம்ப்யூட்டர் கணிப்பு. செம்பனை ஓலை அலையை எவ்வளவு குடிக்கும்னு அதுக்கு அவ்வளவா தெரியாது.

இன்னொண்ணு. 2021 கடைசியில 3ஜியை மூடிட்டாங்க. தாத்தா பாட்டி வச்சிருக்கிற பட்டன் போன் 2ஜியிலதான் பேசும். 4ஜி டவர் வந்தாலும் போன்ல வோல்டி (4ஜி வழியாவே குரல் பேசுற) வசதி இல்லைன்னா, பேசுறதுக்கு அது 2ஜியைத்தான் தேடும். அதனால மனுவுல 'குரல் அழைப்பு'ன்னு தனியா எழுதுங்க. இணைய வேகம்னு எழுதினா வேகத்தை மட்டும் அளந்துட்டுப் போயிடுவாங்க.

முக்கியமா, ஆன்லைன்ல விக்கிற சிக்னல் பூஸ்டரை யாரும் வாங்கி மாட்டிடாதீங்க. அனுமதி இல்லாத ரிப்பீட்டர் சட்டப்படி குத்தம். அதைவிட, நீங்க மாட்டினா பக்கத்து லயத்துக்கு இருக்கிற லைனும் போயிடும்.

#13 செம்பனைக்காடு

நான் ஒரு தோட்டத்துல ஸ்டாஃப். எந்தத் தோட்டம்னு கேட்காதீங்க.

எங்க பக்கத்து நிலைமையையும் சொல்லணும்ல. 1990ல வந்த தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் இருக்கு, 446ம் சட்டம்னு சொல்வாங்க. வீடு, குழாய்த் தண்ணி, கரண்டு, பிள்ளைக் காப்பகம் எல்லாம் முதலாளி தரணும். டெலிபோன்னு அதுல இல்லை. சட்டத்துல இல்லாத ஒண்ணுக்கு எந்த மேனேஜரும் தலைமை ஆபீஸுக்குப் பட்ஜெட் எழுத மாட்டார்.

டவர் போடணும்னாலும் நிலம் கேட்டு வருவாங்க. அதுக்குக் குத்தகை ஒப்பந்தம், வக்கீல், கம்பெனி போர்டு ஒப்புதல். நாலு செம்பனை மரம் வெட்டுறதுக்கே கணக்குக் கேட்கிற இடம். தோட்டம் கைமாறப் போகுதுன்னு பேச்சு வந்துட்டா அவ்வளவுதான், கையெழுத்துப் போட ஆளே இருக்க மாட்டாங்க. அரசாங்கக் கிராமத்துத் திட்டம் எதுவா இருந்தாலும் தோட்டம்னு வந்தா 'தனியார் நிலம்'னு ஒரு வரி எழுதி மூடிடுவாங்க. இது ரோட்டுக்கும் அப்படித்தான், தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கும் அப்படித்தான் நடந்துச்சு.

அப்புறம், லயத்துல இப்ப நம்ம ஆளுங்க மட்டும் இல்லை. பழம் வெட்டுறவங்க பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம். அவங்களுக்கும் போன் வேணும், நம்மைவிட அதிகமா வேணும். சம்பளத்தன்னைக்கு ராத்திரி கேட்டுக்கிட்ட இருபது பேர் வரிசையா குந்திக்கிட்டு வீடியோ கால் பேசுறதைப் பார்க்கலாம். காலையில பேர் கூப்பிட வரிசையா நிக்கிறதைப் பெரட்டுன்னு சொல்வோம்ல, அது மாதிரி இதைப் 'போன் பெரட்டு'ன்னு சொல்வோம். மனுவுல அவங்களையும் எண்ணிக்கையில சேர்த்துக்கிட்டா உங்க பக்கம் பலமாகும். நம்ம கிழவன் கிழவிங்களை மட்டும் கணக்குப் போட்டா வீடு கம்மி, 'காலி பண்ணப் போற லயம்தானே'ன்னு சொல்லிடுவாங்க.

#14 கிராணி மகள்

செம்பனைக்காடு அண்ணே, 'தனியார் நிலம்'ங்கிற அந்த ஒரு வரிதான் எனக்குப் புரியவே இல்லை. எலெக்ஷன் வந்தா அந்தத் தனியார் நிலத்துக்குள்ள கொடி கட்ட வர்றாங்க. ஓட்டுப் பெட்டி தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்க. அப்ப மட்டும் கேட் திறந்துக்கும்!

#15 செம்பனைக்காடு

அதுக்கு நான் என்னம்மா சொல்றது. கேட் சாவி என்கிட்ட இல்லை.

#16 பழைய லைன்மேன்

999 விஷயத்துல ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. எனக்கு இதுதான் எல்லாத்தையும்விடப் பெரிய கவலை.

பழைய கூண்டுல இருந்து 999 அடிச்சா காசு வேண்டாம், அது ஒரு நல்லது. இன்னொரு நல்லது யாருக்கும் தெரியாது. அந்த நம்பர் எந்தக் கூண்டு, எந்த முச்சந்தின்னு எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டுல இருக்கும். அடிச்சவன் மூச்சு வாங்கிட்டுப் பேச முடியாம நின்னாலும் இடம் தெரியும். 2007ல இருந்து 999க்கு அடிச்சா ஒரு பொது மையம்தான் எடுக்குது. அங்க இருக்கிறவங்க கேட்டுட்டுப் போலீஸ், பொம்பா (தீயணைப்பு), ஆஸ்பத்திரின்னு மாத்தி விடுவாங்க. எடுக்கிறவங்க நம்ம ஊர்க்காரங்களா இருக்கணும்னு இல்லை. நீங்க 'லயம் கடைசி வீடு, பழைய ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால, மாரியம்மன் கோயில் தாண்டி'ன்னு சொன்னா அவங்களுக்கு என்ன புரியும்? லயத்து வீட்டுக்கு ரோட்டுப் பேர் இல்லை, சரியான அஞ்சல் முகவரி இல்லை. எல்லாக் கடிதமும் ஆபீஸ் முகவரிக்குத்தானே வருது. ஆம்புலன்ஸ் வேற டிவிஷனுக்குப் போய்ச் சுத்திட்டு நிக்கும்.

அதனால டவர் வந்தாலும் வராட்டியும் ஒரு நிலையான நம்பர், ஒரு நிலையான இடம் வேணும். மின்சாரமும் அப்படித்தான். செம்புக் கம்பியில 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்தே வரும், லயத்துல கரண்டு போனாலும் போன் பேசும். இப்ப கண்ணாடி இழைக்கு மாத்திட்டாங்க. கண்ணாடியில கரண்டு வராது. வீட்டுப் பெட்டிக்கு இங்க பிளக் போட்டாதான் உயிர். எது வச்சாலும் பேட்டரியோட வைக்கச் சொல்லுங்க. ஒரு ராத்திரி தாங்குற பேட்டரி.

#17 லண்டன் ஓரம்

சுங்கை சிப்புட்ல பிறந்து இப்ப இங்கிலாந்துல இருக்கேன். பொதுப் போன் கேட்டா சிரிப்பாங்கன்னு பயப்படுறவங்களுக்காக மட்டும் இது.

இங்க சிவப்புக் கூண்டை எல்லாம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. 2022ல ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி கொண்டு வந்துச்சு. நாலு மொபைல் கம்பெனி லைனும் முழுசா கிடைக்காத இடம், அடிக்கடி விபத்தோ தற்கொலையோ நடக்கிற இடம், இல்லாட்டி போன ஒரு வருஷத்துல 52 காலுக்கு மேல போன கூண்டு, இதையெல்லாம் எடுக்கக் கூடாது. இப்படி ஏறக்குறைய 5,000 கூண்டு தப்பிச்சுச்சு. ஆஸ்திரேலியாவுல 2021ல இருந்து பொதுப் போன்ல உள்நாட்டு அழைப்பு இலவசம். காசு அள்ளுற வேனே வேண்டாம்! லைன்மேன் ஐயாவோட தகர டப்பா பிரச்சனை அப்படியே தீர்ந்துச்சு.

பணக்கார நாட்டுல செய்றதை இங்க கேட்டா ஏன் சிரிக்கணும்?

#18 டவர் பையன்

வாரத்துக்கு ஒரு கால்னு வச்சாலே 52. நம்ம முச்சந்தியில இப்பவும் அதுக்கு மேல போகும்.

பணம் குடுக்கிற முறைக்கு சிலி நாட்டைப் பார்க்கலாம். 1990கள்ல அங்க கிராமத்துப் பொதுப் போனுக்கு ஏலம் விட்டாங்க. எந்தக் கம்பெனி குறைஞ்ச மானியம் கேட்குதோ அதுக்கு வேலை. ஏறக்குறைய 6,000 ஊருக்குப் போன் போச்சு. இங்கயும் டெண்டர்தான், ஆனா டெண்டருக்கு முன்னால பட்டியல்ல ஊர் பேர் இருக்கணும். நம்ம தோட்டத்து டிவிஷன் பேர் அந்தப் பட்டியல்ல ஏறுறதுதான் இப்ப வேலை.

அப்புறம் செலவு கம்மியான வழி ஒண்ணு. 2023ல இருந்து ஸ்டார்லிங்க் இங்க அனுமதியோட கிடைக்குது. கோயில் மண்டபத்துலயோ சமூக மண்டபத்துலயோ ஒரு தட்டு, ஒரு வைபை, பேட்டரி. வைபை வழியா அழைப்பு போற வசதி உள்ள போன்ல சாதாரணமா பேசலாம். பட்டன் போன்காரங்களுக்கு அதே இணைப்புல ஒரு மேஜை போன்.

#19 ஈப்போ ரோடு

மாசக் கட்டணம் யார் கட்டுறது? கோயில் கமிட்டியா? நம்ம கோயில் கமிட்டி தண்ணி பில்லுக்கே ரெண்டு கோஷ்டி.

#20 கிராணி மகள்

கோயில்னா இந்தோனேசியக்காரங்க ராத்திரி உள்ளே வரத் தயங்குவாங்க. சில சமயம் நம்மளே வரவிட மாட்டோம், உண்மையைப் பேசுவோம். பிள்ளைக் காப்பகக் கட்டடம் சும்மாதான் கிடக்கு பல தோட்டத்துல, ஆயா கொட்டாய்னு சொல்வோமே, அது. லயத்துக்கு நடுவுல இருக்கும், விளக்கு இருக்கும், எல்லா ஜாதி மதத்துக்கும் பொது. அங்க வெளிச்சுவத்துல வச்சா ஆபீஸ் சாவிக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தருக்கு மாசம் கொஞ்சம் குடுத்துப் பார்த்துக்கச் சொல்லலாம். வங்காளதேசத்துல 1997ல கிராமீன் வங்கி ஆளுங்க இதைத்தான் செஞ்சாங்க. கடன் குடுத்து ஒரு பொண்ணு கையில போனைக் குடுத்தாங்க, ஊரு முழுக்க அவ வீட்டுக்கு வந்து பேசுச்சு.

ஆனா மறைவா பேச ஒரு தட்டியாவது வேணும். இதை நான் விட மாட்டேன்.

#21 கல்லுமலை

லாசா தாண்டி உள்ளே கோல மூ வரைக்கும் இருக்கிற பூர்வகுடி மக்களை யாரும் நினைச்சுப் பார்த்தீங்களா? நம்ம தொகுதிதான். நமக்காவது மோட்டார் எடுத்தா மெயின் ரோடு. அவங்களுக்கு மழைக்காலத்துல ரோடே இல்லை. மனுவுல அவங்க பேரும் இருக்கட்டும்.

#22 சாலாக்கரை

எல்லாருக்கும் நன்றி. இதுவரைக்கும் நான் எடுத்துக்கிட்டது இது: காசுக் கூண்டு கேட்கலை. டிவிஷனுக்கு ஒரு நிலையான அவசர போன் கேட்கிறோம். ஆபீஸுக்கு வெளியே, லயத்துக்கு நடுவுல, ராத்திரியும் திறந்த இடத்துல. பேட்டரியோட. உள்நாட்டு அழைப்பு இலவசம். நம்பரோட இடம் 999 மையத்துல பதிவாகணும். அதோட குரல் அழைப்புக்கு டவர் ஆய்வு, கம்ப்யூட்டர் வரைபடத்தை வச்சு இல்லாம ஆளை அனுப்பி. பார்த்துக்க ஒரு ஆள், அவருக்கு அந்த நிதியில இருந்தே படி. கல்லுமலை அண்ணன் சொன்னதுக்குத் தனிப் பத்தி, ஆனா அவங்ககிட்டயே கேட்டுத்தான் எழுதணும், நாம அவங்களுக்காகப் பேசிட முடியாது.

எம்.சி.எம்.சி.க்கு ஒண்ணு, நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கு ஒண்ணு, தோட்ட மேனேஜருக்கு நகல் ஒண்ணு. சரியா?

#23 செம்பனைக்காடு

மேனேஜருக்கு நகல் போடாதீங்க. நகல்னு போனா அவர் அதைப் புகாராத்தான் பார்ப்பார், அன்னைக்கே தலைமை ஆபீஸுக்குப் போய் அங்கயே தூங்கிடும். முதல் கடிதமே அவர் பேருக்கு எழுதுங்க. காசு கேட்கலை, மரம் வெட்டச் சொல்லலை, ஆயா கொட்டாய் சுவத்துல ஒரு பெட்டி மாட்ட அனுமதி மட்டும் வேணும்னு ஒரு பக்கத்துல, மலாய்ல. அவர் 'ஆட்சேபனை இல்லை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, அதை இணைச்சு எம்.சி.எம்.சி.க்கு அனுப்புங்க. 'தனியார் நிலம்'னு அவங்க எழுதுறதுக்கு இடமே இருக்காது.

#24 ஈப்போ ரோடு

அவர் எழுதிக் குடுக்கலைன்னா?

#25 செம்பனைக்காடு

அப்ப நகல் போடுங்க. எல்லாருக்கும்.

#26 டவர் பையன்

சாலாக்கரை அண்ணே, ஒவ்வொரு லயத்துலயும் எந்தெந்தக் கம்பெனி சிம் எத்தனை கோடு காட்டுதுன்னு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பகல்ல ஒண்ணு, மழை நின்னதும் ஒண்ணு. இடத்தோட ஜிபிஎஸ் எண்ணும் வேணும். வாட்ஸ்அப்ல அனுப்பினா படத்தோட இட விவரம் அழிஞ்சிடும், அதனால எண்ணைத் தனியா டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க.

#27 சாலாக்கரை

சரி தம்பி. லயத்துல இருந்து அனுப்ப லைன் இருக்காது, கேட்டுக்கிட்ட வந்துதான் அனுப்புவாங்க. கொஞ்சம் லேட்டாகும்.